மிஸ்ஸியின் நெற்றியில் நான் அடைத்த புள்ளி

அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை செய்தேன். அவ்வளவு காலத்திலும் என் சொந்த எழுத்தில் ஒரு பக்கம்கூட அச்சானதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறர் எழுதியதைக் கறை படாமல் காகிதத்தில் இறக்கிக் கொடுப்பதில்தான் அல்லாஹ் எனக்கு றிஸ்க்கை, அன்றாடப் பிழைப்பை, வைத்திருந்தான். எங்கள் முதலாளி ஹாஜியாரின் மகள்தான் இப்போது அச்சகத்தை நடத்துகிறார். அவர், நினைவு மலர் ஒன்று போடுகிறோம், பழைய ஆட்கள் ஆளுக்கொன்று எழுதித் தாருங்கள் என்று சொல்லியனுப்பினார். நான் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். போன மாதம் பெரியநீலாவணையில் பூரணம் மிஸ்ஸி காலமானார். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் ஒருநாள் அச்சகத்துக்குப் போயிருந்தேன். படத்திலுள்ள தூசி முழுவதையும் கம்ப்யூட்டர் ஒரே தட்டில் எடுத்துவிடுவதைக் காட்டினார்கள். "பாத்தீங்களா காக்கா, நீங்க ஒரு நாள் முழுக்க இருந்து செய்யிற வேல" என்று சிரித்தார்கள். காக்கா என்றால் எங்களிடத்தில் அண்ணன். நானும் சிரித்தேன். ஆனால் கேட்க நினைத்தேன்: எது தூசி என்று அந்தப் பெட்டிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பத்தொன்பது வயதில் கல்முனையில் அந்த அச்சகத்தில் சேர்ந்தேன். இரண்டு வருடம் காகிதம் வெட்டினேன். சில வருடம் ஈய எழுத்துக் கோர்த்தேன். ஈயம் போய் ஒப்செட் அச்சு வந்ததும் ஹாஜியார் என்னை வெளிச்ச மேசையில் உட்காரவைத்தார். அடியில் பல்பு எரியும் கண்ணாடி மேசை அது. எழும்பும்போது எனக்கு நரைத்துவிட்டது.

அந்த மேசையில் செய்த வேலையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. அச்சடிக்க வேண்டிய பக்கத்தைப் பெரிய கமராவில் படம் பிடிப்போம். நெகட்டிவில் வெள்ளைக் காகிதம் கறுப்பாகவும், கறுப்பு எழுத்து கண்ணாடி போலவும் விழும். வெளிச்சம் ஊடுருவுகிற இடமெல்லாம் பின்னர் தாளில் கறுப்பாக வரும். கமராவில் ஒரு தூசி இருந்தால் போதும், கறுப்பு பிலிமில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து வெளிச்சம் ஒழுகும். அதை அப்படியே விட்டால் புத்தகத்தில் புள்ளியாக வந்து நிற்கும். செம்மண் நிறத்தில் ஒரு குழம்பு இருக்கிறது, ஓபேக் என்போம். மெல்லிய தூரிகையால் அதைத் தொட்டு அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் நூறும் இருக்கும், இருநூறும் இருக்கும்.

மீராலெப்பை ஹாஜியார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காகிதத்தைத் தொடுமுன் கையைக் கழுவுவார். கழுவிய கையைச் இடுப்புச் சாரனில் துடைக்கமாட்டார், காற்றில் உலரவிடுவார். முதல் தாள் இயந்திரத்திலிருந்து வந்ததும் இரண்டு மூலைகளைப் பிடித்து யன்னலுக்கு நேரே உயர்த்துவார். பிழை கண்டால் "இஞ்ச ஒருக்கா வா தம்பி" என்பார். வந்தவன் தானே பிழையைக் கண்டுபிடிக்கும்வரை தாளைப் பிடித்தபடியே நிற்பார். அவருக்குக் கை உளையுமே என்ற பதற்றத்தில் நம் கண் இன்னும் கூர்மையாகும்.

வெளிச்ச மேசைக்கு அவர் ஒரே ஒரு சட்டம்தான் சொல்லித் தந்தார்.

"சந்தேகமெண்டா அடைச்சிடு. வெறுமையா விட்டா ஒருத்தனும் கேக்கமாட்டான். ஒரு புள்ளி விழுந்தா ஊரே கேக்கும்."

அருள்ராசா மாஸ்டர் கையெழுத்துப் பிரதியோடு வந்தது சண்டை ஓய்ந்திருந்த ஒரு காலத்தில். மெதடிஸ்ற் சபைக் கிறிஸ்தவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஹாஜியாரோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"மீராலெப்ப, ஒரு புள்ளைகள்ட புத்தகம். இருபத்திநாலு பக்கம். பிழை வரப்படா."

"உங்கட புத்தகத்துக்கு நாலு தரம் புறூப் பாப்பீங்க மாஸ்டர். நாலாவது தரம் அச்சடிச்சு முடிஞ்ச பிறகு. அப்பதான் பிழை கண்ணில படும்."

"அது நீ அடிக்கிற மையிட தரம்."

இப்படித்தான் இருவரும் கதைப்பார்கள். புத்தகத்தின் பெயர் 'மிஸ்ஸியின் சைக்கிள்'. பூரணம் மிஸ்ஸியின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை.

எங்கள் பக்கத்தில் மிஸ்ஸியைத் தெரியாத வீடு இல்லை. அரசாங்க மருத்துவிச்சி. தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவே ஒரு தெருதான் எல்லை. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லாத நாட்கள் இருந்தன. அந்த நாட்களிலும் அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த உயரமான சைக்கிளில் எல்லையைத் தாண்டி வருவார். எங்கள் மூத்த மகள் பிறந்தது அவர் கையில்தான். தெருவில் ஒரு நாய்கூட நடமாடாத ஒரு பகல் அது.

கலவரத்துக்குப் பிறகு கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் ஒரு ஏற்பாடு வந்தது. திங்கட்கிழமை ஒரு இனம், வியாழக்கிழமை மற்ற இனம். சண்டை வராமலிருக்கத்தான் என்றார்கள். இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களுக்கும் அது பிடித்துப் போயிற்று. மிஸ்ஸி மட்டும் ஏற்கவில்லை. "நோவு கிழம பாத்தா வருது?" என்று கேட்டார். மனு எழுதினார். பதில் வராதபோது கிளினிக் வாசலில் வாங்கு என்கிற நீளப் பலகையைப் போட்டு உட்கார்ந்து, எந்த நாளில் எவர் வந்தாலும் வந்த ஒழுங்கில் பெயரை எழுதினார். அதற்காகத் தூரத்துக்கு மாற்றினார்கள். போய் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் அதே வாங்கைப் போட்டார். கடைசியில் நாள் பிரிப்பது நின்றது. இந்தப் பக்கத்தார் அவரைத் தமிழச்சி என்று ஏசினார்கள், அந்தப் பக்கத்தார் முஸ்லிம் சோனிக்குப் பிள்ளை பெறுவிக்கிறவள் என்று ஏசினார்கள். இரண்டும் மாஸ்டரின் புத்தகத்தில் இருந்தன.

மிஸ்ஸியின் கணவர் கமக்காரர். ஒருநாள் காலையில் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, யாரோ ஒருவரின் உழவு இயந்திரத்தில் ஆலையடிவேம்புப் பக்கம் வயலுக்குப் போனார். வரவில்லை. எவர் கொண்டுபோனார், எங்கே என்று இன்றுவரை தெரியாது. மிஸ்ஸி ஓட்டியது அவருடைய சைக்கிளைத்தான்.

மாஸ்டரின் எண்ணம் ஒன்றே ஒன்று. எல்லைத் தெருவின் இரண்டு பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகள் ஒரே புத்தகத்தை வாசிக்க வேண்டும். இந்தக் கரையில் அப்படி ஒன்றுமே இல்லையே என்பார். "நான் கண்ண மூடுறதுக்குள்ள அது நடந்தாக் காணும்."

சித்திர ஆசிரியர் ஒருவர் படங்களை வரைந்திருந்தார். உள்ளே மிஸ்ஸி முதுகைக் காட்டிச் சைக்கிள் மிதிப்பார். முகம் தெரிவது அட்டையில் மட்டும். மஞ்சள் அட்டையில் கறுப்புக் கோட்டுப் படம், ஒரே மை. அட்டையின் நெகட்டிவை ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்கு முன் மேசையில் விரித்தேன். வானத்தில் அள்ளி எறிந்த மாதிரி புள்ளிகள். சைக்கிள் சக்கரத்தடியில், புடவைக்கு அருகே, முகத்தைச் சுற்றி. அடைத்துக்கொண்டே போனேன். இரு புருவத்துக்கும் நடுவில் ஒன்று, எள்ளை விடக் கொஞ்சம் பெரிது. தூரிகையைத் தொட்டு அதையும் அடைத்தேன். கை நிற்கவேயில்லை. பாங்கு சொன்னதும் எழும்பித் தொழப் போனேன்.

முதல் தாளை ஹாஜியார் யன்னலில் பிடித்துப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், சுத்தமா இரிக்கி" என்றார். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுத்துக்கு எழுத்து வாசித்தார். அவரும் சரி என்றார். ஐந்நூறு பிரதி அடித்தோம்.

வெளியீடு எல்லைத் தெருவில் இருந்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். பிள்ளைகள் வந்த ஒழுங்கில் இருக்க வேண்டும் என்பது மிஸ்ஸி போட்ட நிபந்தனை. தொப்பி போட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் திருநீறு பூசிய பிள்ளை இருந்தது. நான் புத்தகக் கட்டை அவிழ்த்து முதல் பிரதியை மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் மிஸ்ஸியிடம் கொடுத்தார்.

மிஸ்ஸி சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். அட்டையைப் பார்த்தார். வலது கை மெல்ல எழும்பித் தன் நெற்றியைத் தொட்டது. அங்கே அவருடைய சிவந்த பொட்டு இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அட்டையைப் பார்த்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

முன்வரிசையில் இருந்த அவருடைய தங்கை மலர் எழும்பினார். "பொட்ட எடுத்துட்டானுகள்! அக்காட பொட்ட எடுத்துட்டானுகள்!"

பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார்: "அவள்ட புரிசன் செத்துட்டானெண்டு அச்சடிச்சே குடுத்துட்டானுகள் போல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொட்டில்லாத நெற்றி அவர்களிடத்தில் கைம்பெண்ணின் நெற்றி. காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள் என்று எத்தனையோ பேர் சொல்லியும் எடுக்காதவர் மிஸ்ஸி. அவர் வருவார் என்பதை ஒவ்வொரு காலையிலும் கண்ணாடி முன்னால் நின்று நெற்றியில் வைக்கிறவர். அந்தப் பொட்டைத்தான் ஐந்நூறு தரம் துடைத்திருக்கிறோம்.

தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள். மாஸ்டர் மேடையில் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தபடி, "என்ட வீட்டிலயும் பொட்டில்ல மனே, என்ட கண்ணுக்கும் படல்ல" என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மிஸ்ஸி புத்தகத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்து போனார்.

அடுத்த நாள் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் என் தோளில் தட்டி, "நல்ல வேல செஞ்சீங்க காக்கா. பொட்டில்லாட்டி நம்மட புள்ளைகளும் கூச்சமில்லாம வாசிக்கும்" என்றார். அந்தப் பாராட்டைப்போல என்னைச் சுட்டது வேறொன்றுமில்லை.

அச்சகத்துக்குப் போய் நெகட்டிவை எடுத்து மேசையில் வைத்து பல்பைப் போட்டேன். என் தூரிகைத் தடம் நெற்றியில் இருந்தது. ஹாஜியாரைக் கூப்பிட்டேன்.

"நான்தான் ஹாஜியார். தூசெண்டு அடைச்சிட்டன்."

அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். "சந்தேகமெண்டா அடை எண்டு சொன்ன ஆள் நான்" என்றார்.

"எனக்குச் சந்தேகமே வரல்ல ஹாஜியார். அதுதான்."

அவர் கையைக் கழுவினார். உலரும்வரை நின்றார். "மிஸ்ஸிட வீட்ட போவம். நீ சொல்லு. நான் பக்கத்தில நிப்பன். உனக்காக ஒரு சொல்லும் கதைக்கமாட்டன்."

நெகட்டிவைக் காகித உறையில் போட்டுக்கொண்டு பெரியநீலாவணைக்குப் போனோம். படலையைத் திறந்து மலர்தான் முதலில் வந்தார்.

"இப்ப என்னத்த அழிக்க வந்த?"

"அவங்கள உள்ள விடு புள்ள" என்று உள்ளேயிருந்து மிஸ்ஸியின் குரல் கேட்டது. கதவோரத்தில் அந்தச் சைக்கிள் சாத்தியிருந்தது. "வாங்க ஹாஜியார். இரிங்க."

ஹாஜியார் இருக்கவில்லை. நானும் நின்றபடியே சொன்னேன்.

"மிஸ்ஸி, அத அடைச்ச ஆள் நான்தான்."

"ஆரு சொல்லி?"

"ஒருத்தரும் சொல்லல்ல. தூசெண்டு நினைச்சன்."

"கேட்டியாக்கா!" என்றார் மலர். "உன்ட புரிசன் வெச்ச பொட்டு இவங்களுக்குத் தூசாம்!"

"மிஸ்ஸி, என்ட உம்மாக்கு, ராத்தாக்கு, பொஞ்சாதிக்கு, ஒருத்தருக்கும் அந்த இடத்தில ஒண்டுமில்ல. நான் பாத்துப் பழகின முகமெல்லாம் அப்பிடித்தான். கை பழக்கத்தில போயிட்டு."

மிஸ்ஸி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ட முகம் நீ பாக்காத முகமா தம்பி? உன்ட மூத்தவள ஆரு எடுத்த?"

"நீங்கதான் மிஸ்ஸி."

"அண்டைக்கு என்ட நெத்தியில பொட்டு கிடந்ததா, இல்லியா?"

யோசித்துப் பார்த்தேன். அவர் வந்த சைக்கிள் ஞாபகம் வந்தது. கை கழுவச் சுடுதண்ணீர் கேட்டது, பிள்ளையைத் துவாயில் சுற்றி என் கையில் தந்தது எல்லாம் வந்தன. அந்த முகத்தின் நெற்றி மட்டும் வரவில்லை. பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"தெரியாது மிஸ்ஸி" என்றேன். அழுதுவிட்டேன்.

ஹாஜியார் தலை குனிந்து நின்றார். என் கையிலிருந்த உறையை எடுத்து, நெகட்டிவை வெளியே இழுத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே இரு மூலைகளையும் பிடித்து உயர்த்தினார். அச்சகத்தில் பிடிக்கிற அதே மாதிரி.

மிஸ்ஸி எழும்பிக் கிட்டே வந்தார். கறுப்புப் பிலிமில் அவருடைய முகம் வெளிச்சக் கோடுகளாக நின்றது. நடு நெற்றியில் ஓபேக் குழம்பின் துளி காய்ந்திருந்தது, செம்மண் நிறத்தில்.

"இதென்ன தம்பி," என்றார் மிஸ்ஸி. "இதில பொட்டு வெச்சமாதிரியெல்லோ கிடக்கு."

நான் அதை அதுவரை அப்படிப் பார்த்ததேயில்லை. மலரும் எட்டிப் பார்த்தார். ஹாஜியார் கையை இறக்கவில்லை. பார்த்து முடியட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றார்.

"புத்தகமெல்லாம் எங்க?"

"அச்சகத்தில. திருப்பி அடிச்சுத் தாறம் மிஸ்ஸி. புது அட்டை போட்டு."

"தேவல்ல. இஞ்ச கொண்டாங்க."

மூன்று நாள் அந்த வீட்டில் இருந்தோம். நான் புத்தகத்தை எடுத்து வைப்பேன். மிஸ்ஸி சாந்துப் போத்தலைத் திறந்து, மோதிர விரலால் தொட்டு, அட்டையிலிருந்த தன் நெற்றியில் வைப்பார். மலர் அதை வாங்கிப் பாயில் காயப்போடுவார். முதல் நாள் மலர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இரண்டாம் நாள் தேத்தண்ணி தந்தார். மிஸ்ஸி வேலையின் நடுவே கணவரைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருக்குச் சைக்கிள் பாரில் மிஸ்ஸியை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகப் பிடிக்குமாம். போன அன்று வாசலில் திரும்பி நின்று, "டயருக்குக் காத்தடிச்சு வை, வந்து எடுக்கிறன்" என்றாராம்.

"அதுக்குத்தான் தம்பி நான் அத ஓடினது. நிப்பாட்டி வெச்சா காத்துப் போயிடும்."

மஞ்சள் அட்டை, கறுப்புக் கோடு, அதில் ஒரே ஒரு சிவப்பு. ஐந்நூறிலும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

மாஸ்டரின் ஆசை பாதிதான் நிறைவேறியது. மூன்று நான்கு பள்ளிக்கூடங்கள் வாங்கின. அந்தப் பக்கத்தில் சிலர் கை வைத்து அழித்த புத்தகம் வேண்டாம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் சிலர் பொட்டைச் சிவப்பாக எடுத்துக் காட்டுகிறதே என்று திருப்பி அனுப்பினார்கள். மிச்சம் அச்சகத்தின் மேல்தட்டில் கிடந்து கறையானுக்கு இரையாயிற்று. மாஸ்டர் அதைப் பாராமலே போய்விட்டார், ஹாஜியாரும் அவருக்குப் பின் போய்விட்டார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

போன மாதம் செய்தி கேட்டதும் என்னிடமிருந்த ஒரு பிரதியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். மிஸ்ஸியைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. பெண்களுக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. கணவர் போய் முப்பது வருடத்துக்கு மேலாயிற்று, இனியும் உயிரோடு இருப்பதாகச் சொல்லிப் பொட்டு வைக்கலாமா என்று மூத்தவர்கள் கேட்டார்கள். மலர் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு வைக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றார். அவருக்கும் தலை நன்றாக நரைத்திருந்தது.

அவர்களுடைய வழமையில் வாய் வைக்க நான் யார்? புத்தகத்தை எடுத்து மலரின் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

மலர் அட்டையைப் பார்த்தார். சாந்து கறுத்துப் போயிருந்தது, ஆனால் விரல் பட்ட இடத்தில் ரேகை தெரிந்தது. அவர் அதைப் பக்கத்திலிருந்த பெண்களுக்குக் காட்டினார்.

"இது அக்கா வெச்சது. தன்ட கையால. ஐந்நூறு தரம்."

மூத்தவர்கள் விலகி வழி விட்டார்கள். மலர் குனிந்து மிஸ்ஸியின் நெற்றியில் பொட்டை வைத்தார். நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவ்வளவு பேருக்கு நடுவில் என்னைத் தேடினார்.

"காக்கா, நடுவில இரிக்கா? எனக்குக் கண் தெரியல்ல."

கிட்டே போனேன். இத்தனை வருடம் புள்ளி தேடிய கண்ணால், இரு புருவத்துக்கும் நடுவே, முதன்முதலாக மிஸ்ஸியின் நெற்றியைப் பார்த்தேன்.

"ஓம் தங்கச்சி," என்றேன். "சரியா இரிக்கி."